எண்ணெய்க் கரண்டியை அளந்த பிறகுதான் என் கொலஸ்ட்ரால் இறங்கியது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெஸ்ஸில் ஒரு மணிக்குள் மூளை வறுவல் தீர்ந்துவிடும். அடுத்து ஈரல், அப்புறம் சுவரொட்டி (மண்ணீரல்), கடைசியாகக் குடல். மதுரையில் 22 வருடமாக அடுப்படி என் கையில், கல்லா வீட்டுக்காரர் கையில். அதனால் எனக்குக் கொலஸ்ட்ரால் என்று தெரிந்தபோது தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "கறிச்சோறு விக்கிறவளுக்கு வராம, அருகம்புல் சாறு விக்கிறவளுக்கா வரும்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டது.

ஆனால் நான் கறி அதிகம் தொடுகிற ஆள் இல்லை. காலையிலிருந்து கிண்டிக்கொண்டே இருப்பவளுக்கு மதியம் அந்த வாசனையே வயிற்றை நிறைத்துவிடும். என் சாப்பாடு இவ்வளவுதான்: காலையில் மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி. மதியம் ரசம் சோறு, இரண்டு அப்பளம், மிஞ்சின கூட்டு. ராத்திரி கடை கட்டியதும் இரண்டு பரோட்டா, சால்னா. நடுவில் நாலு டம்ளர் காபி. இதில் கொலஸ்ட்ரால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் வீணானது. உங்களுக்கு அது வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீணான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 52 வயதில் மகள் கட்டாயப்படுத்தி ரத்தம் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்.டி.எல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 171, எச்.டி.எல் என்கிற நல்லது 39, ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு 190. முதலில் பார்த்த மருத்துவர் தாளைப் பார்த்தபடியே, "முட்டையை நிறுத்துங்க, கறியை நிறுத்துங்க, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றார். நிறுத்தினேன். ஒரு ஆஃப்பாயில்கூடத் தொடவில்லை. இரண்டு மாதம் கழித்து எல்.டி.எல் 168. மூன்று புள்ளி! அந்த மூன்றுக்காக நான் விட்ட முட்டைகளை நினைத்து எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்கம்மா?"

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

மொத்தக் கொலஸ்ட்ரால் எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். அதில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கிறது. பார்க்க வேண்டியது எல்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டுவது அதுதான். வேறு நோய் இல்லாதவர்களுக்கு அது 100-க்குக் கீழே இருப்பது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் என்றால் 70-க்குக் கீழே, சிலருக்கு இன்னும் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். உங்கள் இலக்கு எது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல லேபுகளில் எல்.டி.எல்லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்தில் எச்.டி.எல்லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. என்னுடையதைப் போட்டுப் பாருங்கள்: 248-இல் 39 போனால் 209, 190-ஐ ஐந்தால் வகுத்தால் 38, மிச்சம் 171. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. முந்தின நாள் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் ட்ரைகிளிசரைடு ஏறி, இந்தக் கணக்கையும் கெடுக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 10, 12 மணி நேரம் வெறும் தண்ணீரோடு இருந்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கச் சொல்வேன். ஒன்று தைராய்டு. அது குறைவாகச் சுரந்தாலே எல்.டி.எல் ஏறும், அப்போது பத்தியம் இருந்து பயனில்லை. இன்னொன்று குடும்பம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். என் அப்பா 49 வயதில் போனவர். எல்.டி.எல் 190-க்கு மேல், கண் இமையோரம் மஞ்சளாகத் தடிப்பு, குதிகால் தசைநாரில் கட்டி என்றிருந்தால் அது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை போதாது, மருந்து வேண்டும். பிள்ளைகளுக்கும் பரிசோதிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: மாதவிலக்கு நின்ற பிறகு எல்.டி.எல் தானாகவே ஏறும். 45 வயதில் சரியாக இருந்தது என்று 52-இல் சும்மா இருக்காதீர்கள்.

முட்டையை விட்டும் ஏன் இறங்கவில்லை

என் மகள் பி.பார்ம் படிக்கிறாள். அவள் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன்.

உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாக ஈரல், செய்துகொள்கிறது. வாய்வழி வருவது சிறு பங்கு. வெளியிலிருந்து கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஈரல் தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதனால் முட்டையை விட்டதில் மூன்று புள்ளிதான் கிடைத்தது.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிற ஆட்கள் இருக்கிறார்கள், இலை எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இலை எடுக்க ஆள் குறைந்தால் என்ன ஆகும்? சாப்பிட்டு முடித்த இலைகள் கிடந்து நாறும், அடுத்த பந்தி உட்கார முடியாது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள ஈரலில் ஆட்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய், வெண்ணெய், தேங்காய், பாமாயில், கறிக்கொழுப்பு இவற்றில் நிறைய இருப்பது, அந்த இலை எடுக்கிற ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கட்டியாக நிற்கிறதே, அந்தக் குணமுள்ள கொழுப்பு. நான் அதற்கு 'உறைகொழுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் சாப்பிடாதே என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015-இல் தொடங்கிய பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள் என்பதற்காக மூளையை முழுங்கலாம் என்று அர்த்தமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். எண்ண வேண்டியது முதலில் உறைகொழுப்பை. ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிற என்னைப் போன்ற, எல்.டி.எல் ஏறிய ஆளுக்கு 14 கிராமுக்குள் நிறுத்தச் சொன்னார்கள். இனி வரும் எல்லாக் கணக்கையும் அந்த 14-இல் கழித்துக்கொண்டே வாருங்கள்.

கரண்டியை அளப்பது

இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் 5, 10 என்று கோடு போட்டிருக்கும். அதை எடுத்துக் கழுவிக்கொண்டு, உங்கள் வீட்டு எண்ணெய்க் கரண்டியில் தண்ணீர் மொண்டு அந்த மூடியால் அளந்து பாருங்கள். என் கரண்டி 60 மில்லி பிடித்தது. தாளிக்க "ஒரு கரண்டி" என்று நான் ஊற்றிக்கொண்டிருந்தது 12 டீஸ்பூன்! பொரியலுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, ரசத்துக்குப் பாதி.

அடுத்து மாதக் கணக்கு. எங்கள் வீட்டில் நாலு பேர், 5 லிட்டர் கேன் சரியாக ஒரு மாதம் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 41 மில்லி, எட்டு டீஸ்பூன். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல அளவு, அதாவது நாலு பேருக்கு 2 லிட்டர். நாங்கள் இரண்டரை மடங்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். மெஸ் எண்ணெய் இதில் சேரவில்லை.

செய்ய வேண்டியது: புதுக் கேன் உடைக்கிற அன்று அதன்மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். காலையில் அந்த நாளுக்கான எண்ணெயை, நாலு பேருக்கு 75 மில்லி வரை, ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி அடுப்பருகே வைத்துவிடுங்கள். தாளிப்பது, தோசை, பொரியல் எல்லாம் அதிலிருந்துதான். கேனைச் சமையலறையிலிருந்து வெளியே வைப்பது முக்கியம். கைக்கு எட்டினால் கை போகும். முதல் பத்து நாள் மாலை நாலு மணிக்கே எங்கள் டம்ளர் காலியாகிவிட்டது. ராத்திரி தோசையை இட்லியாக்கினேன். அப்படித்தான் பழகியது.

தோசைக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சின்ன வெங்காயம் இல்லை, பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல்லில் தேய்ப்பது. பழகின இரும்புக் கல் என்றால் ஒரு தோசைக்கு அரை டீஸ்பூன் தாராளம்.

எந்த எண்ணெய்? ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லியில் உறைகொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் 11 கிராமுக்கு மேல். நெய் 8. பாமாயில் சுமார் 6. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் 2-ஐ ஒட்டி. சூரியகாந்தி இன்னும் கொஞ்சம் குறைவு. ரேஷனில் வருகிற பாமாயிலைக் கொட்டச் சொல்லவில்லை, அந்த விலைக்கு வேறெதுவும் கிடைக்காது. அன்றாடத் தாளிப்புக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொண்டு, பாமாயிலை எப்போதாவது பொரிக்கிற வேலைக்கு மட்டும் வையுங்கள்.

செக்கு எண்ணெய் விற்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாசனைக்கு நானும் வாங்குகிறேன், ஆனால் செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் கடலையில் இருக்கிற கொழுப்பு கடலைக் கொழுப்புதான். அளவு இரண்டுக்கும் ஒன்றே. அதேபோல் எண்ணெய் பாக்கெட்டில் இதயப் படம் போட்டு 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதியிருப்பார்கள். எந்தச் செடி கொடியிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் கிடையாது, பாமாயிலிலும் கிடையாது. 'எங்கள் தண்ணீரில் எலும்பில்லை' என்று எழுதுவதுபோல்தான் அது.

வடை சுட்ட எண்ணெயைப் பற்றி, மெஸ்காரி என்பதால் கூடுதலாகச் சொல்லலாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, தொட்டால் பிசுபிசுக்கும். உணவுப் பாதுகாப்புத் துறை இதற்கு அளவு வைத்திருக்கிறது. எண்ணெயில் கெட்டுப்போன பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அளக்கிற கருவிகூட உண்டு. எங்கள் கடைப் பழைய எண்ணெயை இப்போது பயோடீசல் செய்ய வாங்கிப்போகிறார்கள். வீட்டில் என்றால், ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

வனஸ்பதியில் இருந்த, எல்.டி.எல்லை ஏற்றி எச்.டி.எல்லை இறக்கும் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். பெரிய நல்லது அது. ஆனாலும் வனஸ்பதி உறைகொழுப்புதான். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது தடவுவது எது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தேங்காய், பால்

மனசு கேட்காத இடம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தேங்காய். 100 கிராம் பச்சைத் தேங்காயில் 30 கிராம் உறைகொழுப்பு. நடுத்தரத் தேங்காயில் பருப்பு 250 கிராம் என்று வைத்தாலும் 75 கிராம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 18-க்கு மேல். 14-தான் கோட்டா. காலைச் சட்னியோடு என் கணக்கு முடிந்துவிடுகிறது, நான் முட்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தேங்காயை விஷம் என்று சொல்ல மாட்டேன். நாஞ்சில் நாட்டில் என் சம்பந்தி வீடு, அங்கே போய் இதைச் சொன்னால் அடுத்த முறை இலை போட மாட்டார்கள். அவர்கள் சொல்வதுபோல அது எச்.டி.எல்லையும் ஏற்றும், உண்மைதான். எல்.டி.எல்லையும் சேர்த்து ஏற்றுகிறதே! ஒரு தேங்காயை மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தேங்காயும் பொட்டுக்கடலையும், ஒரு நாள் தக்காளி வெங்காயம், ஒரு நாள் நிலக்கடலைச் சட்னி, ஒரு நாள் பீர்க்கங்காய்த் தொலித் துவையல். குருமாவுக்கும் சால்னாவுக்கும் தேங்காய்ப்பாலில் முக்கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலையும் கொஞ்சம் கசகசாவும் அரைத்து விட்டால் கெட்டியாக வரும். மெஸ்ஸில் ஒரு வாரம் சொல்லாமல் செய்து பார்த்தேன். ஒரே ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார்.

பால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றியது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, நீலம் 3. அரை லிட்டர் ஆரஞ்சில் உறைகொழுப்பு சுமார் 18 கிராம், நீலத்தில் 9. மெஸ் காபிக்கு ஆரஞ்சு வாங்குவதால் வீட்டுக்கும் அதையே எடுத்து வந்துகொண்டிருந்தோம். இப்போது வீட்டுக்கு நீலம். முதல் நாள் காபி தண்ணியாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் டம்ளரைத் தள்ளிவைத்தார். பாலைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தேன், பேசவில்லை.

காபியில் இன்னொன்றும் இருக்கிறது. கொட்டையின் எண்ணெய்ப்பசையில் எல்.டி.எல்லை ஏற்றும் பொருள் உண்டு. காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர் பிடிக்காது. காகிதத்தில் காபி வடிக்கிற காலம் எனக்கு வரப்போவதில்லை. நாலு டம்ளரை இரண்டாக்கினேன்.

கறி

இனி என் தொழில். ஆட்டிறைச்சியில் எல்லாப் பாகமும் ஒன்றல்ல. 100 கிராம் தொடைக்கறியில் கொலஸ்ட்ரால் 70 மில்லிகிராம் பக்கம், கோழியிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஈரலில் 350-ஐத் தாண்டும், கிட்னியும் அதையொட்டி. மூளையில் 1,300-க்கு மேல். வாய்வழி வருவது சிறு பங்கு என்று சொன்னேனே, அதெல்லாம் முட்டை அளவுக்குச் சொன்னது. ஒரு முழு மூளை என்பது ஏழு முட்டைக்குச் சமம். ஈரலுக்கும் முட்டைக்கும் உடம்பு ஈடுகொடுக்கும், மூளைக்கும் கொடுக்கும் என்று எனக்குத் தைரியமாகச் சொல்ல வராது. எல்.டி.எல் ஏறினவர்களுக்கு நான் மூளை பரிமாறுவதில்லை. தெரிந்த வாடிக்கையாளர்கள் என்றால் "அண்ணே, இன்னிக்கு மீன் நல்லா இருக்கு" என்று திருப்பிவிடுவேன். ஈரல் மாதம் ஒருமுறை நாலு துண்டு, இரும்புச்சத்து குறைந்த பெண்களுக்கு அது தேவையும்கூட.

கறிக்கடையில் வாயைத் திறந்து கேட்க வேண்டும். நெல்பேட்டையில் நான் சொல்வது: "தொடைக்கறியாப் போடுங்கண்ணே, கொழுப்பைத் தள்ளிருங்க." எடைக்குக் கொழுப்பையும் நெஞ்சுக்கறியையும் சேர்த்துப் போடுவது வழக்கம், கேட்டால் தள்ளிவிடுவார்கள். வீட்டில் நாலு பேருக்கு அரைக் கிலோ போதும், வாரம் ஒருநாள். கூடவே முருங்கைக்காயோ வாழைக்காயோ போட்டால் குழம்பு நிறைந்து தெரியும்.

பிறகு ஒரு வேலை. கறியையும் எலும்பையும் முந்தின நாள் இரவே குக்கரில் உப்பு, மஞ்சள், இஞ்சியோடு வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் திறந்தால் மேலே வெள்ளை ஏடு கட்டி நிற்கும். ஆட்டுக்கொழுப்பு நன்றாக உறையும், தோசைக்கரண்டியால் பெயர்த்தால் தட்டாக வரும். முதல் தடவை அரைக் கிலோ கறிக்கு எனக்கு ஒரு கைப்பிடி வந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் சொல்லாமலே நான் இதை விட்டதில்லை. மசாலாவெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

மெஸ் சாப்பாடு என்றால், குழம்புச் சட்டியில் சிவப்பாக எண்ணெய் பிரிந்து மிதக்கும். அது மிதந்தால்தான் வாடிக்கையாளருக்குக் கண் நிறையும், நாங்களும் அதற்காகவே கூட ஊற்றுகிறோம், ஒப்புக்கொள்கிறேன். பரிமாறுகிற பையனிடம் "கரண்டியை உள்ள விட்டு மொண்டு ஊத்துப்பா" என்று சொல்லுங்கள். சிரிப்பான், ஊற்றுவான்.

மீனில் சாளை, அயிலை, நெத்திலி மூன்றும் விலை குறைவு, சத்து கூட. குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். அந்த மீனெண்ணெய் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், எல்.டி.எல்லுக்கு அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, உறைகொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால் இறால் தொக்கில் குற்றவாளி தொக்குதான்.

முட்டை: ஒரு மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம், உறைகொழுப்பு ஒன்றரை கிராம். சர்க்கரையும் இதயநோயும் இல்லாதவர்கள் நாளைக்கு ஒன்று சாப்பிடலாம். நான் வாரம் நாலு, அவித்து. ஆம்லெட்டுக்கு ஊற்றும் எண்ணெயை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை, அதைக் கவனியுங்கள்.

எதைச் சேர்ப்பது

குறைப்பதோடு நிற்காமல், வழுவழுப்பான நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். அது குடலில் கூழாக நின்று பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். பித்தநீரைச் செய்ய ஈரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இந்த நார் நாளைக்கு 5 முதல் 10 கிராம் சேர்ந்தால் எல்.டி.எல் ஏறக்குறைய 5 சதவீதம் இறங்கும். ஓட்ஸ்தான் வேண்டும் என்றில்லை. வெண்டைக்காய், சீனி அவரைக்காய் (கொத்தவரங்காய்), தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, கொய்யா, பார்லி. சீனி அவரைக்காய் விதையிலிருந்துதான் ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் பசையே எடுக்கிறார்கள், வெந்தயத்தில் இருக்கும் பசையும் அதே ஜாதி. ஒரு டீஸ்பூன் வெந்தயம் ராத்திரி ஊறவைத்துக் காலையில் மென்று தின்கிறேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சர்க்கரையும் இறங்கும். இதே வகை நாரான இசப்கோல் உமி எடுத்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, மாலையில், வடைக்குப் பதிலாக. பாதாமும் வால்நட்டும் முடிந்தவர்கள் வாங்கட்டும்.

ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் குற்றவாளி வேறு: சோற்று மலை, சீனி, மைதா, சாராயம். மதியம் இரண்டு தட்டுச் சோற்றை ஒன்றாக்கி, அந்த இடத்தில் பயறும் காயும் வைத்தேன். விளக்குத்தூண் பக்கம் போனால் ஜிகர்தண்டா குடிக்காமல் வர எனக்கு இன்னும் தெரியவில்லை. சுண்டின பால், சர்க்கரைப்பாகு, மேலே ஐஸ்கிரீம். மாதம் ஒன்று, சின்ன கிளாஸ். நடையும் உண்டு, காலையில் அரை மணி நேரம். அதை எல்லோரும் சொல்வார்கள்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று எனக்கு நாலு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ரசத்துக்குப் போட்டால் மணக்கும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவர் ஒருவரை எனக்குத் தெரியும், இப்போது அவருக்கு இரண்டு ஸ்டென்ட்.

மூன்று மாதம் கழித்து

எண்ணெய் டம்ளர், நீலப் பாக்கெட், மூன்று நாள் தேங்காய், வெந்தயம். முட்டையை மறுபடி சேர்த்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் மொத்தம் 214, எச்.டி.எல் 41, ட்ரைகிளிசரைடு 150, எல்.டி.எல் 143. சாப்பாட்டால் 25 புள்ளி. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மருத்துவர், "நல்லா பண்ணிருக்கீங்கம்மா. ஆனா உங்க அப்பா 49-ல போயிருக்கார், உங்களுக்கு பி.பி.யும் இருக்கு. 143 பத்தாது" என்று சின்ன அளவில் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதினார்.

எனக்கு அழுகை வந்தது. மகள்தான் அந்த மாத்திரையின் கதையைச் சொன்னாள். 1970-களில் அகிரா எண்டோ என்ற ஜப்பான்காரர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த பூஞ்சையில் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தாராம். ஈரலில் உற்பத்தியைக் குறைத்து, இலை எடுக்கிற ஆட்களைக் கூட்டுகிற மருந்து. அரிசியில் பூசணம் கண்டால் மூட்டையையே திருப்பி அனுப்புகிறவள் நான். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

போட ஆரம்பித்த பிறகு தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை இருக்கிறதே என்று டம்ளரைத் தூக்கிப்போடவும் வேண்டாம், சாப்பாடு சரியாக இருந்தால் சின்ன மாத்திரையே போதுமாக இருக்கும். எனக்குக் கடைசியாக எல்.டி.எல் 88.

வீட்டுக்காரருக்கு 96, மாத்திரை இல்லாமலே. அதனால் ஞாயிற்றுக்கிழமை மூளை தீர்வதற்குள் ஒரு கரண்டி எடுத்து வைக்கச் சொல்வார். "ஒரு கரண்டின்னா எந்தக் கரண்டிங்க?" என்று கேட்பேன். அந்த 60 மில்லி கரண்டி இப்போது உப்பு ஜாடியில் கிடக்கிறது. போன கேன் 58 நாள் வந்தது. இப்போது வாசல் திண்ணையில் இருக்கும் கேனில் மகள் கையெழுத்தில் 'ஆகஸ்ட் 3' என்று எழுதியிருக்கிறது. இன்றைக்குத் தேதி 29. ஆட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருக்கிறது.